தானாக எரியும் விளக்கு

சற்றே நீண்ட பதிவு. களப்பணி முடித்து இரவில் ஊர் திரும்பும் ஆய்வு மாணவர்களையும், அவர்களுக்குத் தம் வாகனத்தை நம்பிக் கொடுக்கும் நண்பர்களையும் மனத்திற்கொண்டு எழுதுகிறேன்.

மகாசிவராத்திரிக்கு மூன்று நாள்கள் இருந்தன. இரவு ஒன்பதரை மணியளவில் கௌதள்ளியிலிருந்து ஹனூர் நோக்கி வந்துகொண்டிருந்தேன். ஹனூரை அறியாதவர்களுக்கு ஒரு சொல்: கொள்ளேகாலிலிருந்து மாதேஸ்வரன் மலைக்கும், அங்கிருந்து பாலாறு வழியாக மேட்டூருக்கும் செல்லும் சாலையில் உள்ள ஊர் அது. 1956 வரை கொள்ளேகால் வட்டாரம் கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மொழிவழி மாநிலப் பிரிவினையில் மைசூர் மாவட்டத்துக்குச் சென்றது. 1997-இல் சாமராஜநகர் தனி மாவட்டமானபோது அதனுடன் இணைந்தது. எல்லைகள் இவ்வாறு மாறியபோதும் வீட்டுக்குள் தமிழும் சந்தையில் கன்னடமும் பேசும் குடும்பங்கள் அங்கே தொடர்ந்து வாழ்கின்றன. அவர்களின் பேச்சுவழக்கே என் ஆய்வுப் பொருள். இரண்டு ஆண்டுகளாகப் பேருந்திலும் இரவல் மோட்டார் சைக்கிளிலும் சென்றுவந்த எனக்கு, அன்றுதான் நண்பர் ஒருவர் தம் புதிய காரைக் கொடுத்திருந்தார்.

அந்தக் காரில் தானியங்கி ஹை பீம் வசதி இருந்தது. “நீ ஒன்றும் செய்ய வேண்டாம், எதிரே வண்டி வந்தால் அதுவே டிம் ஆகிவிடும்” என்று நண்பர் சொல்லியிருந்தார். உண்மையில் அது வியக்கத்தக்க முறையில் இயங்கியது. எதிரே பேருந்தின் விளக்குகள் தோன்றிய மாத்திரத்தில் என் விளக்கு தாழ்ந்தது; பேருந்து கடந்ததும் மீண்டும் நிமிர்ந்தது. முன்னால் சென்ற லாரியின் சிவப்பு விளக்குகளைக் கண்டும் தாழ்ந்தது. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சென்றபின் விளக்கைப் பற்றிய நினைவே எனக்கு இல்லாமற் போயிற்று. அந்த மறதியைத்தான் இப்பதிவில் எழுத விரும்புகிறேன்.

வளைவு ஒன்று நேராகும் இடத்தில், தொலைவில் ஒரு கூட்டம் தெரிந்தது. மலைக்குப் பாதயாத்திரை செல்பவர்கள். பன்னிரண்டு, பதின்மூன்று பேர் இருக்கலாம். எனக்கு எதிர்த்திசையில், சாலையின் வலப்புற ஓரமாக வந்துகொண்டிருந்தார்கள். ஹை பீமில் அவர்களின் வேட்டியும் தலைமூட்டையும் நூறு மீட்டருக்கு முன்பே துலக்கமாகத் தெரிந்தன. நான் வேகத்தைச் சற்றுக் குறைத்தேன். அவர்களைப் பார்த்துவிட்டேன் என்ற நிம்மதியில் விளக்கைப் பற்றி நினைக்கவில்லை. காரும் நினைக்கவில்லை, அதற்கு அங்கே வாகனம் எதுவும் இல்லை. ஓர் இளைஞர் கைப்பேசி டார்ச்சைத் தரையை நோக்கிப் பிடித்திருந்தார். அந்தச் சிறு வெளிச்சத்தைக் கேமரா கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒவ்வொருவராகக் கையை உயர்த்திக் கண்ணை மறைத்துக்கொண்டார்கள். முன்னால் வந்த முதியவர் ஒருவர், ஒளியிலிருந்து விலகுவதற்காகவோ என்னவோ, சாலையைக் கடந்து மறுபக்கம் செல்ல நினைத்து நடுவுக்கே வந்துவிட்டார். பிரேக்கை முழுவதுமாக மிதித்தேன். அவருக்கும் காருக்கும் இடையே ஏழெட்டு மீட்டர் இருந்தபோது கார் நின்றது. அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அப்போதும் ஹை பீம் அவர் முகத்தில் எரிந்துகொண்டிருந்ததா, வேகம் குறைந்ததால் தாழ்ந்துவிட்டதா என்பது எனக்கு நினைவில்லை.

இறங்கிச் சென்றேன்.

“ஏந் தம்பி, கண்ணுலயே லைட்ட அடிச்சா நாங்க கால எங்க வைக்கிறது?” என்றார். கோபம் அதிகமில்லை; மூச்சுத்தான் வாங்கியது.

“மன்னிச்சுடுங்க ஐயா. நான் போடலீங்க, அது தானா எரியறது” என்றேன்.

“தானா எரிஞ்சா நீ அமத்தக் கூடாதா?”

‘அமத்து’ என்ற வினையை அணைத்தல் என்னும் பொருளில் அவர் பயன்படுத்தியதை வேறொரு நாளாக இருந்தால் குறிப்பேட்டில் எழுதியிருப்பேன். அன்று கை நடுங்கிக்கொண்டிருந்தது. கூட்டத்திலிருந்த ஓர் அம்மா எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அவர்கள் கௌதள்ளிப் பக்கம் நடந்து சென்றார்கள். நான் காருக்குள் அமர்ந்து வெகுநேரம் விளக்கைப் போடாமலே இருந்தேன்.

அடுத்த சில வாரங்கள் ஆய்வேட்டை ஒதுக்கிவைத்துவிட்டு இந்த விளக்கைப் பற்றிப் படித்தேன். என் நெறியாளர் இதை அறிய வேண்டியதில்லை.

இது புதிய கண்டுபிடிப்பு என்று நினைத்திருந்தேன். 1952-லேயே அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் காடிலாக், ஓல்ட்ஸ்மொபில் கார்களில் ‘ஆட்ரானிக் ஐ’ என்ற கருவியைக் கொடுத்திருக்கிறது. டாஷ்போர்டின் மேல் ஒரு சிறு குழல். அதனுள் ஒளியுணரும் மின்குமிழ். எதிர்வரும் ஒளி அதன்மேல் பட்டால் விளக்கு தாழும். இன்று அந்தக் குழலின் இடத்தில், முன்கண்ணாடியின் மேற்பகுதியில், நடுக்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா இருக்கிறது. அது ஒளி இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பதில்லை. எத்தகைய ஒளி என்றும் பகுத்தறிய முயல்கிறது. இணையாக நகர்ந்துவரும் வெள்ளைப் புள்ளிகள் எதிர்வரும் வாகனம். சிவப்புப் புள்ளிகள் முன்செல்லும் வாகனம். அசையாமல் உயரத்தில் இருப்பது தெருவிளக்கு. தன் விளக்கையே திருப்பி அனுப்புவது சாலைப் பலகை. இந்த வகைப்பாட்டில் பிழைகள் நேர்வது இயல்பு. பலகையை வாகனமென்று எண்ணிச் சில நேரம் தாழ்த்தும். மங்கலான ஒற்றை விளக்கோடு வரும் பழைய மோட்டார் சைக்கிளைக் காணாமல் விடும். ஆனால் ஹனூர்ச் சாலையில் நடந்ததை அக்கருவியின் பிழை என்று சொல்ல முடியாது. பெரும்பாலான கார்களில் இக்கருவி விளக்குகளைத் தேடும்படியே அமைக்கப்பட்டிருக்கிறது. விளக்கை ஏந்தாத மனிதர் அதன் அகராதியில் இல்லை.

இது ஏன் உருவாக்கப்பட்டது என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஓட்டுநர்கள் ஹை பீம் தேவைப்படும் இருண்ட சாலைகளிலும் அதைப் போடாமல் லோ பீமிலேயே செல்கிறார்கள் என்று ஆய்வுகள் தொடர்ந்து காட்டிவந்தன. அந்தச் சோம்பலுக்கு மருந்தாகவே தானியங்கி வசதி பரவியது. நம் சிக்கல் அதற்கு நேர்மாறானது. இங்கே பலர் ஹை பீமைப் போட்டால் அணைப்பதே இல்லை. அந்த வகையில் எதிர்வரும் ஓட்டுநருக்கு இக்கருவி பெரும் உதவி. பிரைட்டில் வந்து கண்ணைப் பறிப்பவரோடு நாமும் பிரைட்டைப் போட்டுச் சண்டையிடும் அன்றாட அவலத்தை அது குறைக்கும். எனவே கருவியைத் தூக்கியெறியுங்கள் என்று நான் எழுதவில்லை.

லோ பீம் மட்டும் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்வதற்கில்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. கண் கண்டு, மனம் உணர்ந்து, கால் பிரேக்குக்குச் செல்ல ஒன்றரை நொடி என்று கொண்டால் அதற்குள் 25 மீட்டர் போய்விடும். உலர்ந்த நல்ல சாலையில் பிரேக் பிடித்தபின் ஏறத்தாழ 20 மீட்டர். ஆக 45. மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் இந்தத் தொகை 70 மீட்டரை எட்டும். லோ பீமில் இருண்ட உடை அணிந்த ஒருவர் 40 முதல் 60 மீட்டருக்குள்தான் தெரிவார். அதாவது 80-இல் லோ பீமோடு செல்பவர், தாம் பார்க்கப்போகும் மனிதரை மோதிய பிறகே நிறுத்த முடியும். ஹை பீம் நூறு மீட்டருக்கு அப்பாலும் காட்டுகிறது; அன்று அந்தக் கூட்டத்தை முன்கூட்டியே எனக்குக் காட்டியது அதுதான். நான் பார்த்தேன்; அவர்களால் பார்க்க முடியவில்லை. விபத்து அந்த இடைவெளியில் நிகழவிருந்தது.

அவர்களின் கண்ணில் என்ன நடந்தது என்று யோசித்துப் பார்க்கிறேன். இருளுக்குக் கண் முழுமையாகப் பழக இருபது முதல் முப்பது நிமிடம் ஆகும். விழித்திரையின் கோல் செல்களில் உள்ள ரொடாப்சின் என்னும் நிறமி மெல்ல மெல்ல மீண்டும் சேர வேண்டும். இரண்டு மணி நேரம் விளக்கின்றி நடந்துவந்தவரின் கண் அந்த உச்சநிலையில் இருக்கிறது; விண்மீன் வெளிச்சத்திலேயே சாலையின் விளிம்பைக் காண்கிறது. ஹை பீம் அந்தச் சேமிப்பைக் கணப்பொழுதில் கலைத்துவிடுகிறது. கார் ஓட்டுபவருக்கு எதிரொளியிலிருந்து மீளச் சில நொடிகள் போதும்; அவருக்கு முன்னால் அவருடைய விளக்கே சாலையைக் காட்டுகிறது. நடந்து செல்பவருக்கு அப்படி ஒன்றுமில்லை. கார் கடந்த பிறகும் சற்று நேரம் அவர் குருடராகவே நடக்கிறார். அடுத்த கார் அதற்குள் வந்துவிடுகிறது.

இன்னொன்றும் உண்டு. கண்ணுக்குள் புகும் வலிய ஒளி விழித்திரையில் ஒரு புள்ளியில் மட்டும் விழுவதில்லை. விழிவில்லையிலும் விழித்திரவத்திலும் சிதறி, பார்வை முழுவதும் ஒரு வெண்திரையாகப் படர்கிறது. 1926-இலேயே ஹாலடே என்பவர் இதை அளந்து எழுதியிருக்கிறார். வயது ஏற ஏற வில்லை பழுப்பேறி மங்குவதால் சிதறலும் கூடும். அந்தத் திரைக்குள் தூரத்தையும் வேகத்தையும் கணிக்க இயலாது. அந்த முதியவர் என் கார் வெகுதொலைவில் இருப்பதாக எண்ணியிருக்க வேண்டும். அவரைப் பற்றி “திடீரென்று குறுக்கே வந்துவிட்டார்” என்று நான் யாரிடமாவது சொல்லியிருப்பேன். எத்தனை விபத்துச் செய்திகளில் இந்தச் சொற்றொடரைப் படித்திருக்கிறோம்! குறுக்கே வந்தவருக்கு அப்போது எதுவும் தெரிந்ததா என்று எவரும் கேட்பதில்லை.

மாதேஸ்வரன் மலைக்கு மக்கள் பெருந்திரளாகச் செல்லும் நாள்களை எண்ணிப் பாருங்கள். சிவராத்திரி தேய்பிறைச் சதுர்த்தசியில் வருவது. தீபாவளி அமாவாசையை ஒட்டியது. யுகாதி அமாவாசைக்கு மறுநாள். இவை போக, மாதந்தோறும் அமாவாசைக்கும் அங்கே கூட்டம் கூடும். மைசூர், மண்டியா பக்கங்களிலிருந்தெல்லாம் கொள்ளேகால், ஹனூர், கௌதள்ளி, தாளபெட்டா என்று நடந்து வருகிறார்கள். வெயிலுக்கு அஞ்சி இரவில் நடப்பவர்கள் பலர். ஆக, ஆண்டின் மிக இருண்ட இரவுகளில்தான் அந்தச் சாலையில் மிகுதியான மனிதர்கள் நடக்கிறார்கள். நிலவின் கணக்கை வைத்து விழாவை அமைத்தவர்கள் ஹை பீமை எண்ணியிருக்க முடியாது.

நடப்பவர்கள் மட்டுமில்லை. கரும்பு ஏற்றிய டிராக்டரின் பின்விளக்கைத் தொங்கும் கரும்பே மறைத்திருக்கும். மாட்டுவண்டிக்கு விளக்கே கிடையாது. 2017 ஏப்ரல் முதல் நாட்டில் விற்கப்படும் புதிய இருசக்கர வாகனங்களில் என்ஜின் இயங்கும்போதெல்லாம் முகப்பு விளக்கு தானாக எரிய வேண்டும் என்பது விதி. அதற்கு முந்தைய வண்டிகளும், விளக்கு பழுதான வண்டிகளும் கிராமங்களில் ஏராளம். இவர்கள் எவரையும் கண்டு தானியங்கி விளக்கு தாழும் என்று நம்ப முடியாது.

காட்டு விலங்குகள் வேறு. பிளிகிரிரங்கன் மலைக்காடுகளையும் மாதேஸ்வரன் மலைக்காடுகளையும் இணைக்கும் யானை வழித்தடம் இந்த வட்டாரத்தில் இருக்கிறது. மான், மாடு, சிறுத்தை ஆகியவற்றின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் ஒரு படலம் இருப்பதால் இருளில் அவற்றின் கண்கள் மின்னும், நாம் சுதாரித்துக்கொள்வோம். பன்றிக்கு அந்தப் படலம் இல்லை. காட்டுப்பன்றியின் கண் மின்னாது, உடலும் கருமை. வெளிச்சத்தில் மான் திகைத்து அசையாமல் நின்றுவிடும் காட்சியை இரவில் காட்டுவழி சென்ற பலர் கண்டிருப்பார்கள். பந்திப்பூர் வழியே செல்லும் நெடுஞ்சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துத் தடை இருப்பதற்கும், திம்பம் மலைப்பாதையில் 2022-இல் சென்னை உயர் நீதிமன்றம் இரவுக் கட்டுப்பாட்டை நடைமுறைப்படுத்தச் சொன்னதற்கும் வாகனங்களில் அடிபட்டு இறந்த விலங்குகளே காரணம். யானையைக் கண்டால் தொலைவிலேயே நிறுத்தி, விளக்கைத் தாழ்த்தி, ஹாரன் அடிக்காமல் காத்திருக்க வேண்டும் என்பது காட்டுப்புற ஓட்டுநர்கள் அனைவரும் அறிந்தது. தானியங்கி ஹை பீம் யானைக்காகத் தாழும் என்று எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது.

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடியபோதுதான் எனக்கு உண்மையான வியப்பு ஏற்பட்டது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி முகப்பு விளக்கின் ஒளியைத் தாழ்த்துவது பற்றியது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், வாகனத்தின் வலப்பக்கம் அரை மீட்டர் தள்ளி, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் கண் உள்ள எந்த நபரையும் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கி விலக்கப்பட்டோ விலக்கக்கூடியதாகவோ இருக்க வேண்டும் என்கிறது அவ்விதி. ‘எந்த நபரையும்’ என்ற சொல்லாட்சியைக் கவனியுங்கள். எதிர்வரும் ஓட்டுநர் என்று அங்கே இல்லை. ஒன்றரை மீட்டர் என்பது நிற்கும் சராசரி மனிதரின் கண்ணுயரத்துக்கு மிக அருகில் உள்ள அளவு. விதியை வரைந்தவர்கள் நடந்து செல்பவரை எண்ணித்தான் அந்த அளவைக் குறித்தார்களா என்பதை விதியின் வாசகத்திலிருந்து மட்டும் முடிவு செய்ய இயலாது. ஆயினும் அந்த வாசகத்துக்குள் அன்றைய முதியவர் வருகிறார். கேமராவின் கணக்குக்குள் வரவில்லை. சொற்பொருளை ஆராய்வதையே தொழிலாகக் கொண்ட எனக்கு, ‘நபர்’ என்ற சொல்லின் பொருள் ஒரு கருவிக்குள் ‘விளக்கு’ என்று சுருங்கிவிட்டதைக் காண்பது சாதாரணமாக இல்லை.

முகப்பு விளக்கின் நடுவில் கறுப்பு ஒட்டுவில்லை ஒட்டிய காலம் பலருக்கு நினைவிருக்கும். சாலையோரம் வண்டியை நிறுத்தி, அதிகாரிகளே ஒட்டிவிட்டு அனுப்புவார்கள். பெயின்ட் அடித்துக்கொண்டவர்களும் உண்டு. அறிவியல் நோக்கில் அது எவ்வளவு பயன்பட்டது என்பது வேறு விவாதம். அந்த வில்லை எதிரே வருவது பேருந்தா, சைக்கிளா, பாட்டியா என்று வகைபிரிக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

இப்போது நான் என்ன செய்கிறேன் என்று சிலர் கேட்கக்கூடும். தெருவிளக்கற்ற, நேரான, வாகனம் குறைந்த சாலையில் தானியங்கி ஹை பீமைப் பயன்படுத்துகிறேன். கை மட்டும் லைட் லிவருக்கு அருகிலேயே இருக்கும். மனிதர் எவரேனும், அவர் சைக்கிளில் இருந்தாலும் நடந்தாலும், கண்ணில் பட்டவுடன் நானே டிம் செய்துவிடுகிறேன். அத்துடன் வேகத்தையும் குறைக்கிறேன். ஏனெனில் டிம் செய்த நொடியில் என் பார்வை நாற்பது ஐம்பது மீட்டராகச் சுருங்கிவிடுகிறது, அந்தத் தொலைவுக்குள் நிறுத்தக்கூடிய வேகத்தில்தான் நான் இருக்க வேண்டும். முன்னே பார்த்த ஒருவருக்குப் பின்னால் பார்க்காத இருவர் இருக்கலாம். பல கார்களில் லிவரை ஒருமுறை தள்ளியோ இழுத்தோ தானியங்கி நிலையிலிருந்து விடுபடலாம். எப்படி என்பதை ஓட்டும்போது தேடாமல், பகலில் வண்டியை நிறுத்திவைத்துக் கையேட்டைப் பார்த்துப் பழகிக்கொள்வது நல்லது. நான் அன்று பழகியிருக்கவில்லை. நண்பர் சொன்ன ஒரு வாக்கியம் போதுமென்று இருந்துவிட்டேன்.

தாளபெட்டாவுக்கு மேல் மலைப்பாதையில் அதை முற்றிலும் அணைத்துவிடுகிறேன். கொண்டையூசி வளைவில் சாலை ஒரு பக்கம் திரும்ப, கேமரா நேராகப் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். எதிர்வரும் வண்டி அதன் பார்வைக்குள் வருவதற்குள் அதன் ஓட்டுநரின் கண்ணில் என் ஒளி பாய்ந்திருக்கும். மேட்டின் உச்சியிலும் இதுவே. எதிரே மரங்களின்மேல் வெளிச்சம் அசைவதைக் கண்டு மனிதர் முன்கூட்டியே டிம் செய்வார். கேமரா விளக்கு நேராகத் தெரியும்வரை காத்திருக்கும். மூடுபனியில் ஹை பீம் எவருக்கும் பயனில்லை. நீர்த்துளிகளில் பட்டு வெண்சுவராக நம்மிடமே திரும்பி வரும். மழைச்சேறும் புழுதியும் படிந்த முன்கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் கேமராவை எப்படி நம்புவது? ஹனூர்ப் பக்கம் போய்வந்த எந்தக் கண்ணாடியும் தூய்மையாக இருந்ததில்லை. புறப்படுமுன் கண்ணாடியின் மேற்பகுதியையும் சேர்த்துத் துடைக்கிறேன். பெரும்பாலோர் துடைப்பது நம் முகத்துக்கு நேரான பகுதியை மட்டுமே.

நான்குவழிச் சாலைக்கு வந்தால் வேறொரு சிக்கல். அங்கே நடுத்திட்டின் செடிகள் எதிர்வரும் லாரியின் விளக்கை மறைத்துவிடலாம். லாரி ஓட்டுநர் உயரத்தில் அமர்ந்திருப்பதால் செடிக்கு மேலாக அவர் கண்ணில் நம் ஒளி படும். கேமராவைப் பொறுத்தவரை எதிரே எவரும் இல்லை. லாரிக்காரர்கள் காரணமின்றிப் பிரைட் அடித்துத் திட்டுகிறார்கள் என்று நான் நினைத்ததுண்டு. சொல்லப்போனால் அந்தப் பிரைட் மொழியே ஊருக்கு ஊர் வேறு. பிரிட்டனில் ஒருவர் விளக்கை மினுக்கினால் “நீங்கள் போங்கள்” என்று பலர் பொருள் கொள்கிறார்கள். இங்கே “நான் வருகிறேன், ஒதுங்கு” என்பது பொருள். வெளிநாட்டில் படித்துத் திரும்பும் நண்பர்கள் முதல் மாதத்தில் கவனமாக இருக்கவும்.

பின்னிருக்கையில் மூவரும் டிக்கியில் மூட்டைகளும் ஏறினால் காரின் முன்பகுதி நிமிரும். லோ பீமும் ஹை பீம்போல எதிரிலிருப்பவர் கண்ணில் அடிக்கும். பல கார்களில் ஸ்டீயரிங்கின் வலப்புறம் கீழே விளக்கின் உயரத்தைத் தாழ்த்தும் சிறு சக்கரம் உண்டு. சுழியம், ஒன்று, இரண்டு என்று எண்கள் இருக்கும். அதை ஒருமுறையேனும் தொட்டுப் பார்த்தவர்கள் என் நட்பு வட்டத்தில் எத்தனை பேர் என்று அறிய ஆவல்.

நண்பரிடம் காரைத் திருப்பிக் கொடுத்தபோது நடந்ததைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “ஓராண்டாக நானும் அப்படித்தான் ஓட்டுகிறேன், யாரும் எதுவும் சொன்னதில்லையே” என்றார். யார் சொல்லியிருக்க முடியும்? கண்ணை மறைத்துக்கொண்டு ஓரமாக நின்றவர் பின்னால் ஓடிவந்து சொல்லப்போவதில்லை. அந்த முதியவர்கூட, நான் நிறுத்தியிருக்காவிட்டால், எனக்கு எதுவும் சொல்லியிருக்க மாட்டார்.

சென்ற மாதம் மீண்டும் அதே காரில் ஹனூரிலிருந்து இரவில் கொள்ளேகால் திரும்பினேன். அமாவாசைக்கு முந்தைய நாள். ஊரெல்லை தாண்டியதும் எதிரே நான்கைந்து பேர் நடந்து வந்தார்கள். லிவரைத் தள்ளி டிம் செய்து, வேகத்தை முப்பதுக்குக் குறைத்தேன். சாலை எனக்கு வெகுவாக இருண்டுவிட்டது. உள்ளபடியே சற்று அச்சமாகத்தான் இருந்தது. அவர்கள் கையை உயர்த்தவில்லை. பேசிக்கொண்டே கடந்து போனார்கள். ஒரு பெண்குழந்தை மட்டும் தந்தையின் தோளிலிருந்தபடி திரும்பி காரைப் பார்த்துக்கொண்டே சென்றது, பக்கக் கண்ணாடியில் என் பின்விளக்கின் சிவப்பில் ஒரு கணம் தெரிந்தது.